இயந்திரத்தின் முடிவும் மனிதரின் கேள்வியும்: மொன்றியலில் செயற்கை நுண்ணறிவு அறத்தின் வரலாறு

செயற்கை நுண்ணறிவை உருவாக்குவதிலும் பயன்படுத்துவதிலும் எழும் அறக் கேள்விகளுக்கு மொன்றியல் பெருநகரில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்றில் தொடங்கிய அந்த வரலாறு ஆய்வுக்கூடம், நூலகம், குடியிருப்பு, விசா அலுவலகம், பள்ளிக்கூடம் வழியாகச் சட்டமன்றம் வரை வந்திருக்கிறது. இயந்திரம் எடுக்கும் முடிவுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி இதன் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது.

ஆறும் நகரமும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் நடுவே தீவாகக் கிடக்கிறது மொன்றியல். அதற்கு எதிரே தென்கரையில் இருப்பது லொங்குய்ய். 1657இல் பிரெஞ்சுக் குடியேறியான ஷார்ல் லெ மொய்னுக்கு வழங்கப்பட்ட நிலத்திலிருந்து வளர்ந்த ஊர் இது. 1967இல் உலகக் கண்காட்சி நடந்தபோது ஆற்றுக்கு அடியில் மஞ்சள் வழி மெட்ரோ ஓடத் தொடங்கி, லொங்குய்யை நகர மையத்தோடு சில நிமிடத் தூரத்துக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகம் நிலையத்தை ஒட்டியே உள்ளது. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழும் இந்நகரம், தொழிலிலும் கல்வியிலும் மொன்றியலோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது. ஆகவே மொன்றியலின் கதையில் லொங்குய்யும் அடக்கம்.

டோர்வால்: தெரியாததைத் தெரியாது என்ற இயந்திரம்

1969இல் கனடா அதிகாரபூர்வ மொழிகள் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசு தன் சேவைகளை ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரண்டு மொழிகளிலும் வழங்கியாக வேண்டும் என்றானபோது மொழிபெயர்ப்பு வேலை மலையாகக் குவிந்தது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1965 முதலே இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்துவந்த 'தௌம்' என்ற குழுவுக்கு இதனால் ஒரு தெளிவான பணி கிடைத்தது. வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றும் 'மெத்தெயோ' என்ற அமைப்பை அக்குழு உருவாக்கியது. 1977இல் மொன்றியலின் மேற்கே உள்ள டோர்வாலில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. திருத்தப்பட்ட வடிவங்களில் 2001 வரை ஓடியது. பிற்காலத்தில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான சொற்களை அது மொழிபெயர்த்தது.

வானிலை அறிக்கையின் மொழி குறுகியது. "காலையில் மேகமூட்டம், பிற்பகலில் லேசான மழை, வடமேற்குக் காற்று" என்ற வகை வாக்கியங்களே நாள் முழுவதும் வரும். அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர்கள் சலிப்புத் தாங்காமல் சில மாதங்களிலேயே வேறு பணிக்கு மாறிவிடுவது வழக்கமாக இருந்தது. இயந்திரம் அந்தச் சலிப்பை எடுத்துக்கொண்டது. மனிதரின் பிழைப்பைப் பறிக்காமல் அவரது பாரத்தைக் குறைத்த தானியக்கத்துக்கு மெத்தெயோ இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

அதன் வடிவமைப்பில் இன்னொரு சிறப்பும் இருந்தது. எழுத்துப்பிழையாலோ பழக்கமில்லாத சொல்லாலோ ஒரு வாக்கியம் தன் இலக்கணத்துக்குள் அடங்காவிட்டால் மெத்தெயோ ஊகிக்காது. அந்த வாக்கியத்தைத் தனியே ஒதுக்கி மனித மொழிபெயர்ப்பாளரின் திரைக்கு அனுப்பிவிடும். அவர் திருத்திய பிறகே அறிக்கை வெளியே போகும். தன் எல்லையை அறிந்த இயந்திரம், அந்த எல்லையில் காத்திருக்கும் மனிதர் என்ற ஏற்பாட்டை அன்று யாரும் அறநெறி என்று அழைக்கவில்லை. நல்ல பொறியியல் என்றே கருதினார்கள். பின்னாளில் எழுதப்பட்ட அறநெறி ஆவணங்கள் பல பக்கங்களில் கேட்பது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான்.

இதே குழு விமானப் பராமரிப்புக் கையேடுகளை மொழிபெயர்க்க எடுத்த அடுத்த முயற்சி 1981இல் கைவிடப்பட்டது. கையேட்டின் மொழி வானிலை அறிக்கையைப்போல் எளிதில் அடங்கவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. விதிகளைக் கையால் எழுதிச் சேர்க்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அப்போது தெளிவானது.

கற்றுக்கொள்ளும் இயந்திரம்

விதிகளை எழுதித் தராமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து இயந்திரமே கற்றுக்கொள்ளும் முறை அடுத்து வந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தில் 1991இல் முனைவர் பட்டம் பெற்ற யோஷுவா பெஞ்சியோ, 1993இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அக்காலத்தில் இம்முறைக்கு அடிப்படையான நரம்பு வலையமைப்பு ஆய்வுக்கு மதிப்பும் குறைவு, நிதியும் குறைவு. 2004இல் கனடிய உயர் ஆய்வு நிறுவனம் ஜெஃப்ரி ஹின்டன் தலைமையில் தொடங்கிய சிறு ஆய்வுத் திட்டம் பெஞ்சியோவையும் யான் லெகுனையும் ஒன்றாகச் சேர்த்தது. இவர்கள் வளர்த்தெடுத்த ஆழ்கற்றல் முறைக்காக மூவருக்கும் 2018ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

மொன்றியலில் உள்ள பெஞ்சியோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2014இல் இரண்டு முக்கியமான படைப்புகள் வெளிவந்தன. இரண்டு வலையமைப்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, இல்லாத மனிதரின் முகத்தையும் உண்மைபோலத் தீட்டவல்ல முறை ஒன்று. இயன் குட்ஃபெல்லோவும் உடனிருந்தோரும் அதை வெளியிட்டார்கள். மொழிபெயர்க்கும்போது மூல வாக்கியத்தின் எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதை இயந்திரமே தீர்மானிக்கும் 'கவனம்' என்ற உத்தி மற்றது. த்மித்ரி பாதனாவ், கியுங்யுன் சோ, பெஞ்சியோ ஆகியோருடையது அது. இன்று கேள்விக்குப் பதில் எழுதும் பெரிய மொழி மாதிரிகளின் அடித்தளத்தில் இந்தக் கவன உத்தி இருக்கிறது. போலிக் காணொளிகள் பற்றிய கவலையின் வேரில் முதலாவது முறை இருக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே கூடத்தில், ஒரே ஆண்டில் பிறந்தன.

மெத்தெயோவின் ஒரு முடிவு ஏன் வந்தது என்று கேட்டால் இலக்கண விதியைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆழ்கற்றல் வலையமைப்பிலோ கோடிக்கணக்கான எண்கள் சேர்ந்து ஒரு விடையைத் தருகின்றன. எந்த எண் எதற்காக என்று உருவாக்கியவராலும் எளிதில் சொல்ல முடிவதில்லை. அதோடு, எடுத்துக்காட்டுகளில் உள்ள சமூகத்தின் சாய்வையும் இயந்திரம் சேர்த்தே கற்றுவிடுகிறது. தமிழின் 'அவர்' ஆணையும் பெண்ணையும் ஒருசேர மரியாதையோடு குறிக்கும் சொல். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது இயந்திரம் ஆணா பெண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பழைய நூல்களில் மருத்துவர் பெரும்பாலும் ஆண், தாதி பெரும்பாலும் பெண் என்று இருந்தால் இயந்திரமும் அப்படியே தேர்கிறது. பால் காட்டாத சுட்டுப்பெயர் கொண்ட துருக்கி மொழியில் இதே குறை வெளிப்பட்ட பிறகு, 2018 டிசம்பரில் கூகுள் இரண்டு வடிவங்களையும் காட்டத் தொடங்கியது.

அதே ஆண்டில் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. முகம் பார்த்துப் பாலினம் கூறும் வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. கறுத்த மேனியுடைய எந்தச் சமூகமும் இந்த எண்களைத் தன் எண்களாகவே படிக்க வேண்டும்.

பணமும் புகழும் வந்த ஆண்டுகள்

2016 முதல் மொன்றியலை நோக்கிப் பணம் பாய்ந்தது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான 'இவாதோ'வுக்குக் கனடிய அரசு 93.6 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அவ்வாண்டு நவம்பரில் கூகுளும், 2017இல் மைக்ரோசாஃப்டும் பேஸ்புக்கும் இங்கே ஆய்வுப் பிரிவுகளை அமைத்தன. 2017 மார்ச்சில் மத்திய அரசு 125 மில்லியன் டாலரில் நாடு தழுவிய செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தை அறிவித்தது. பெஞ்சியோவின் கூடம் 'மிலா' என்ற இலாப நோக்கற்ற நிறுவனமாக விரிந்து, 2019 தொடக்கத்தில் மைல்-எக்ஸ் பகுதியின் பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றுக்குக் குடிபுகுந்தது.

இந்த வேகமே ஆய்வாளர்களிடையே பொறுப்புணர்வையும் கிளறியது. 2017 நவம்பரில் இருநூறுக்கும் மேற்பட்ட கனடிய ஆய்வாளர்கள், மனிதக் கட்டுப்பாடின்றித் தாமாகவே கொல்லும் ஆயுதங்களைத் தடைசெய்ய உலக அரங்கில் குரல் கொடுக்குமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள்.

பிரகடனம்

அதே நவம்பரில் மொன்றியல் மாநாட்டு மண்டபத்தில் செயற்கை நுண்ணறிவின் பொறுப்பான வளர்ச்சி பற்றிய மன்றம் கூடியது. அதன் முடிவில் மொன்றியல் பல்கலைக்கழகம் ஒரு பிரகடனத்தின் முதல் வரைவை வெளியிட்டது. நலவாழ்வு, தன்னாட்சி, நீதி, அந்தரங்கம், அறிவு, மக்களாட்சி, பொறுப்பு என்ற ஏழு விழுமியங்கள் அதில் இருந்தன.

இத்தகைய ஆவணங்கள் அப்போது வேறு இடங்களிலும் வந்துகொண்டிருந்தன. 2017 ஜனவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடிய அறிஞர்கள் ஒரு பட்டியல் தந்திருந்தார்கள். மொன்றியல் அதிலிருந்து விலகி வேறு வழியில் நடந்தது. மெய்யியலாளர் மார்க்-அந்துவான் திலாக் தலைமையிலான குழு, வரைவை எடுத்துக்கொண்டு 2018இல் பொதுமக்களிடம் சென்றது. பொது நூலகங்களில் மேசைகளைச் சுற்றி ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றோர், பொறியாளர் எனக் கலந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மேசைக்கும் 2025ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு சிறு காட்சி தரப்பட்டது. கல்வி, மருத்துவம், வேலை, நகர வாழ்வு, காவலும் நீதியும் என ஐந்து துறைகளிலிருந்து காட்சிகள் எடுக்கப்பட்டன. அந்தக் காட்சியில் எது சரி, எது தவறு, தவறைத் தடுக்க இன்றே என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் விவாதித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள்.

2018 டிசம்பர் 4 அன்று இறுதி வடிவம் வெளிவந்தது. ஏழு பத்தாகியிருந்தது: நலவாழ்வு, தன்னாட்சிக்கு மதிப்பு, அந்தரங்கப் பாதுகாப்பு, ஒருமைப்பாடு, மக்களாட்சிப் பங்கேற்பு, சமத்துவம், பன்மையை அரவணைத்தல், முன்னெச்சரிக்கை, பொறுப்பு, நீடித்த வளர்ச்சி. ஒருமைப்பாடு, பன்மை, முன்னெச்சரிக்கை, சுற்றுச்சூழல் ஆகியவை தனிக் கோட்பாடுகளாக எழுந்ததில் நூலக மேசைகளின் கை தெரிகிறது. பிரகடனத்தின் நெஞ்சம் பொறுப்புப் பற்றிய பகுதியில் இருக்கிறது. ஒருவரின் வாழ்வையோ மதிப்பையோ பாதிக்கும் முடிவை, காலமும் சூழலும் இடம்தரும் வரை, மனிதரே இறுதியாக எடுக்க வேண்டும். உயிரைப் பறிக்கும் முடிவு எந்நாளும் மனிதருடையதாகவே இருக்க வேண்டும். இயந்திரம் சொன்னது என்று கைகாட்டி மனிதர் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது என்பது அதன் சாரம்.

ஆனால் பிரகடனத்துக்குச் சட்டவலு இல்லை. விரும்பியவர் கையெழுத்திடலாம், மீறினால் கேட்க ஆளில்லை. அது வெளிவந்த காலத்திலேயே நகரத்தில் நடந்த சில நிகழ்வுகள், சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தைக் காட்டின.

வேலியின் இந்தப் பக்கம்

மிலா குடிபுகுந்த மைல்-எக்ஸுக்கு அருகே, ரயில் பாதைகளுக்கு அப்பால் இருக்கிறது பார்க் எக்ஸ்டென்ஷன். சுமார் 1.6 சதுர கிலோமீட்டரில் நெருங்கி வாழும் குடியேறிகளின் பேட்டை அது. முதலில் கிரேக்கர்களும், 1980களிலிருந்து தெற்காசியர்களும் வந்தார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மொன்றியலில் முதல் வாடகை வீடு இங்கேதான் கிடைத்தது. அதன் மேற்கு எல்லையில், செல்வந்தர் வாழும் மவுண்ட் ரோயல் நகரம் 1960இல் ஒரு கம்பிவேலியை எழுப்பியது.

பழைய ரயில் முற்றம் ஒன்றில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. வளாகமும் மிலாவும் தொழில்நுட்ப நிறுவனங்களும் பேட்டையின் இரு புறமும் எழுந்தபோது, நல்ல சம்பளம் வாங்குவோர் அக்கம்பக்கத்தில் வீடு தேடினார்கள். வாடகை ஏறியது. கியூபெக்கில் குத்தகைகள் பெரும்பாலும் ஜூலை 1 அன்று மாறும். அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் புதுப்பிப்பு என்றும் விரிவாக்கம் என்றும் காரணம் சொல்லி வெளியேறும்படி கேட்கும் கடிதங்கள் வரத் தொடங்கின. பிரெஞ்சு சரியாகப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கடிதத்தை மறுக்க உரிமை உண்டு என்பதே தெரியாது. பேட்டையின் குடியிருப்போர் குழுவும் ஆய்வாளர்களும் வெளியேற்றங்களை வரைபடத்தில் குறித்து, செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டார்கள்.

அறக் கேள்வி மென்பொருளுக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதைப் பார்க் எக்ஸ்டென்ஷன் உணர்த்தியது. ஒருமைப்பாடும் சமத்துவமும் பேசும் பிரகடனம் எழுதப்பட்ட நகரத்தில், அந்தத் துறையின் வளர்ச்சி முதலில் தொட்டது ஏழைக் குடியேறியின் வீட்டுக் கதவை.

விசா வாசலில்

பிரகடனம் வெளியான அதே 2018 டிசம்பர் முதல் வாரத்தில், துறையின் மிகப் பெரிய மாநாடான 'நியூரிப்ஸ்' மொன்றியலில் நடந்தது. அங்கு நடக்கவிருந்த கறுப்பின ஆய்வாளர் அரங்குக்கு வர விரும்பியவர்களில், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாட்டவர்களான நூறு பேரளவில் விசா மறுக்கப்பட்டோ பதில் கிடைக்காமலோ தவித்தார்கள். பன்மையைப் பேசும் நகரத்துக்குள் பன்மையால் நுழைய முடியவில்லை. அந்த மறுப்புகள் அலுவலர்கள் எடுத்த முடிவுகள்.

விசா அலுவலகத்துக்குள் இயந்திரமும் அவ்வாண்டு நுழைந்தது. 2018இல் கனடியக் குடிவரவுத் துறை, இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இணையவழி வரும் தற்காலிக விசா விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பழைய விண்ணப்பங்களில் அலுவலர்கள் எடுத்த முடிவுகளிலிருந்து இயந்திரம் விதிகளைப் பிரித்தெடுக்கும். அவற்றின்படி எளிய விண்ணப்பங்கள் தகுதியானவை என்று தானாகவே ஏற்கப்படும்; சிக்கலானவை அலுவலரிடம் போகும். மறுக்கும் அதிகாரம் இயந்திரத்துக்கு இல்லை என்பது துறையின் உறுதிமொழி. 2022 முதல் இம்முறை உலகின் பிற நாடுகளின் வருகையாளர் விசாக்களுக்கும் விரிக்கப்பட்டது.

சென்னையிலிருந்து மகளின் பிரசவத்துக்கு வர விண்ணப்பிக்கும் தாயை எண்ணிப் பார்க்கலாம். அவரது விண்ணப்பம் விரைவு வரிசையில் விழுமா, நீண்ட வரிசையில் விழுமா என்பதை, முன்பு விண்ணப்பித்த முகமறியாத ஆயிரக்கணக்கானோரின் முடிவுகள் தீர்மானிக்கின்றன. முந்தைய அலுவலர்களிடம் ஒரு சாய்வு இருந்திருந்தால் அது விதியாக உறைந்துவிடக்கூடும். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2018 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்த ஆபத்தையே எச்சரித்தது. குடியுரிமை இல்லாதவர், வழக்குத் தொடுக்க வசதியில்லாதவர் மீது புதிய கருவிகளை முதலில் சோதித்துப் பார்ப்பது அநீதி என்பது அதன் வாதம்.

2019 ஏப்ரலில் கனடிய மத்திய அரசு தானியக்க முடிவுகள் பற்றிய ஆணையை நடைமுறைப்படுத்தியது. அரசுத் துறை எதுவும் இத்தகைய கருவியைப் பயன்படுத்துமுன் அதன் தாக்கத்தை நான்கு நிலைகளில் மதிப்பிட்டு வெளியிட வேண்டும். தாக்கம் கூடக்கூட மனிதத் தலையீடும் விளக்கமும் கூட வேண்டும் என்று அது விதித்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்

லொங்குய்யிலிருந்து கிழக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது கிரான்பி நகரம். அங்குள்ள வால்-தே-செர்ஃப் பள்ளிச் சேவை மையம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விடக்கூடிய ஆறாம் வகுப்பு மாணவர்களை முன்கூட்டியே அறிய ஒரு அல்காரிதத்தை உருவாக்கியது. மாணவர் கோப்புகளில் ஏற்கெனவே இருந்த தகவல்களே அதற்குத் தீனி. பிள்ளை தவறிவிடுவதற்கு முன்பே கைகொடுக்கும் நல்ல நோக்கம்தான்.

ஆனால் பெற்றோருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. கியூபெக்கின் தகவல் அணுகல் ஆணையம் விசாரித்து 2022 நவம்பரில் முடிவு கூறியது. பெயர் நீக்கப்பட்டிருந்தாலும் அவை தனிப்பட்ட தகவல்களே. "இந்தப் பிள்ளை இடைவிலகக்கூடும்" என்று இயந்திரம் கணிக்கும் குறியும் புதிதாகத் திரட்டப்பட்ட ஒரு தனிப்பட்ட தகவலே. ஆகவே பெற்றோருக்கு அறிவித்தாக வேண்டும் என்றது ஆணையம். இது நுட்பமான, நீண்ட பயன் தரும் தீர்ப்பு. பதினொரு பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே விழும் குறி, ஆசிரியர் அப்பிள்ளையைப் பார்க்கும் பார்வையை மாற்றிவிடக்கூடும். அந்தக் குறி இருப்பதே தெரியாத தாய், அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

இதே ஆணையம் 2021இல் கனடாவின் பிற அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர்களோடு சேர்ந்து, இணையத்திலிருந்து கோடிக்கணக்கான முகப் படங்களை அனுமதியின்றித் திரட்டிக் காவல்துறைகளுக்கு விற்ற கிளியர்வியூ நிறுவனத்தின் செயல் சட்டவிரோதமானது என்று முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், கியூபெக் மக்களின் படங்களைத் திரட்டுவதை நிறுத்தி, திரட்டியவற்றை அழிக்குமாறு ஆணையிட்டது.

இயந்திரம் தனி ஆளா

மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர் கனடா நிறுவனத்தின் வழக்கு ஒன்று, பொறுப்புப் பற்றிய கேள்வியை எளிமையாக எழுப்பியது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள உரையாடு செயலியிடம் கேட்டார். பயணச்சீட்டு வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்துச் சலுகையைப் பெறலாம் என்றது செயலி. நிறுவனத்தின் உண்மையான விதி அதற்கு மாறாக இருந்தது, சலுகை மறுக்கப்பட்டது. செயலி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்று நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொகை ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதில் அடங்கிய நியாயம் பெரிது.

சட்டமாகும் மணி

அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் தன் அரண்மனையில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்ததாக மகாவம்சம் கூறுகிறது. திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதையிலும் அதே ஆராய்ச்சி மணி உண்டு. கன்றை இழந்த பசு இழுத்தாலும் மணி ஒலிக்கும். ஒலித்தால் அரசன் எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டும். அதிகாரம் எடுத்த முடிவை, அதனால் பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்கலாம் என்பதே அதன் பொருள். செயற்கை நுண்ணறிவு அறத்தின் வரலாறும் அந்த மணியைத் தேடிய வரலாறுதான்.

கியூபெக்கில் அந்த மணி சட்டமாக வந்தது. 2021 செப்டம்பர் 22 அன்று ஒப்புதல் பெற்ற 25ஆம் சட்டம், ஆண்டுக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தானியக்க முடிவு பற்றிய பிரிவு 2023 செப்டம்பர் 22 முதல் செயற்படுகிறது. ஒரு நிறுவனமோ அரசு அமைப்போ முழுக்க இயந்திரத்தைக் கொண்டே ஒருவரைப் பற்றி முடிவெடுத்தால் அதை அவருக்கு அறிவிக்க வேண்டும். அவர் கேட்டால், எந்தத் தகவல் பயன்பட்டது, முடிவுக்கு முக்கிய காரணங்கள் எவை என்று சொல்ல வேண்டும். தகவல் தவறானால் திருத்தும் உரிமையும், முடிவை மறுபரிசீலனை செய்யக்கூடிய மனிதரிடம் தன் தரப்பைக் கூறும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறும் நிறுவனங்களுக்கு 25 மில்லியன் டாலர் அல்லது உலகளாவிய வருவாயில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

மத்திய அரசின் முயற்சி கரைசேரவில்லை. 2022 ஜூனில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மசோதா, 2025 ஜனவரியில் அவை ஒத்திவைக்கப்பட்டபோது காலாவதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரிலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசு பயன்படுத்தும் கருவி எல்லா மக்களையும் சமமாக நடத்துகிறதா, தணிக்கைக்கு இடம் தருகிறதா, தவறான பயன்பாட்டைத் தடுக்கிறதா என்று மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறை அதில் உண்டு. ஆனால் கொள்கையில் கியூபெக் சட்டத்தின் வலு இல்லை. குடிமகன் நேரே சென்று இழுக்கக்கூடிய மணி அங்கே இன்னும் தொங்கவிடப்படவில்லை.

லொங்குய்யிலிருந்து விண்வெளி வரை

2002இல் லொங்குய்யோடு இணைக்கப்பட்ட செயின்-ஹியூபெரில் கனடிய விண்வெளி முகமையின் தலைமையகம் உள்ளது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கும் கனடியக் கையையும் டெக்ஸ்டர் என்ற எந்திரனையும் இங்கிருந்தும் இயக்குகிறார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் திரைமுன் அமர்ந்த மனிதர் இருக்கிறார். அடுத்த தலைமுறைக் கை, நிலவுக்கு அருகே, தரையின் கட்டளைக்குக் காத்திராமல் தானே சில பணிகளைச் செய்யும்படி திட்டமிடப்பட்டது. மனிதர் எட்ட முடியாத தொலைவில் இயந்திரத்துக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது, பிழை நேர்ந்தால் யார் ஏற்பது என்ற கேள்விக்கு விண்வெளியும் விலக்கில்லை.

உருவாக்கியவர்களின் மனமும் இந்த ஆண்டுகளில் மாறியது. அறிவுமிக்க இயந்திரம் மனிதரின் பிடியை விட்டு விலகக்கூடும் என்று பெஞ்சியோ 2023இல் வெளிப்படையாக எச்சரிக்கத் தொடங்கினார். அவர் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் எழுதிய பாதுகாப்பு அறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூனில், பாதுகாப்பான செயற்கை நுண்ணறிவுக்கென 'லோசீரோ' என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தை மொன்றியலில் அவர் தொடங்கினார்.

எஞ்சும் கடமை

டோர்வாலின் மெத்தெயோ, தனக்குப் புரியாத வாக்கியத்தை மனிதரிடம் ஒப்படைத்தது. அதற்குப் பின் வந்த இயந்திரங்கள் ஒப்படைப்பதை மறந்தன. பிரகடனம் அதை நினைவூட்டியது. சட்டம் ஓரளவு கட்டாயமாக்கியது. பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கும் இடத்தில்தான் இயந்திரத்துக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்பதே இந்த அரை நூற்றாண்டு தரும் பாடம்.

சட்டம் தந்த உரிமை கேட்பவருக்கே பயன்படும். லொங்குய்யிலோ பார்க் எக்ஸ்டென்ஷனிலோ வாழும் தமிழர் ஒருவருக்குக் கடனோ காப்பீடோ இயந்திரத்தின் முடிவால் மறுக்கப்பட்டால், "எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தீர்கள், எந்த மனிதரிடம் நான் பேசலாம்" என்று எழுத்தில் கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மொழி தடையானால் பிரெஞ்சு கற்ற பிள்ளைகள் அந்தக் கடிதத்தை எழுதித் தரலாம். மணி கட்டப்பட்டிருக்கிறது, கயிற்றை இழுக்க வேண்டியது நாம்.